பனோர்மீதிஸின் அடிப்பலகை

ஏப்ரல் 1

எங்கள் மரப்படகு பனோர்மீதிஸைக் கரையேற்றி நான்கு நாள். “பத்தே நாள் போப்பி. சுரண்டுறோம், பெயிண்ட் அடிக்கிறோம், இறக்குறோம்” என்கிறான் ஸ்தமாத்திஸ். இருபத்தாறு வருடமாய் இவனோடு குடும்பமும் மீன்பிடியும் நடத்துகிறேன். இவனுடைய பத்து நாள் எனக்குத் தெரியாதா?

ஈஸ்டருக்கு முந்தைய புனித வியாழனோடு பட்டறையை மூடிவிடுவார்கள். அதற்குள் இறக்கியாக வேண்டும். கணவாய் மீன் கரைக்கு வருவது இந்த மாதம்தான்.

ஏப்ரல் 4

அடியில் ஒட்டியிருந்த கொட்டலசுச் சிப்பி எல்லாம் உதிர்ந்தது. பழைய பெயிண்ட் உதிரவில்லை. மல்லாந்து படுத்துச் சுரண்டினால் அத்தனையும் கண்ணிலும் வாயிலும். துப்பினால் சிவப்பு.

பக்கத்தில் அந்தீபாஸ் தன் பிளாஸ்டிக் படகுக்கு அரை நாளில் அடித்து முடித்துவிட்டான். “அக்கா, இன்னுமா சுரண்டுறீங்க? மாமாவையும் சேத்துச் சுரண்டுங்க, பளபளன்னு ஆயிடுவார்!”

சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 7

காலையில் முதல் பூச்சு. மதியம் தெற்குக் காற்று. கடல் தாண்டி ஆப்பிரிக்காவின் மண் முழுவதும் ஈரப் பெயிண்டில் வந்து உட்கார்ந்தது. தொட்டால் உப்புத்தாள்.

மறுபடியும் தேய்க்க வேண்டும். மறுபடியும்!

ஏப்ரல் 9

பெயிண்ட் பிடிக்க மரம் காய வேண்டும். காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு திறக்கிறது. இந்தப் படகை என்னதான் செய்வது? ஓர் இடுக்கில் என் விரல்நகம் முழுதாய்ப் போகிறது.

ஏப்ரல் 10

எழுத்து கோணினால் கோணட்டும்.

அடிக்கட்டையான ஏராவுக்கு மேலே இரண்டாவது பலகை. மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், கையிலிருந்த சுரண்டி உள்ளே இறங்கியது. மரம் இல்லை, ஓட்டை அடைக்கிற மக்குப் பசை. ஒரு முழ நீளத்துக்கு அழகாக வழித்து மேலே பெயிண்ட் அடித்த மக்கு. அதற்குப் பின்னால் ஊறிப்போன ரொட்டி மாதிரி மரம்.

“இது எப்போ?”

“போன வருஷம்... ஒரு சீசன் ஓட்டிடலாம்னு...”

குளிர்காலம் பூராவும் அதுக்கு மேலதான் நான் படுத்துத் தூங்கினேன். பிப்ரவரிப் புயல்ல, ஆறு மணி நேரம். வாயத் திறந்தானா? மக்கு வச்சது பலகைக்கா, எனக்கா?

ஏப்ரல் 11

பட்டறைக்கார லெஃப்தேரிஸ் மேஸ்திரி உளியால் குத்திப் பார்த்தார். “அம்மாடி, பலகைய மாத்தணும். நாளைக்கு மரம் அறுத்தாலும் ஈஸ்டருக்கு அப்புறந்தான் எறக்க முடியும்.”

“அப்ப கணவாய்?” என்றான் ஸ்தமாத்திஸ்.

“கணவாய் உன்னைத் தேடி உள்ள வந்துடும், அந்த ஓட்ட வழியா” என்றார் மேஸ்திரி.

ஏப்ரல் 14

ரொட்டி வாங்கப் போய் வந்தேன். அதற்குள் இவன் புது மக்கு வைத்து, மேலே சிவப்பும் அடித்துவிட்டான். சத்தியமாக நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடி மாதிரி.

ஈரத்தோடு சுரண்டினேன். முழங்கை வரை வழிந்தது. அவன் தடுக்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தான்.

“ஒரு பலகையக் கழட்டினா அடுத்ததும் போயிருக்கும். அதுக்கடுத்ததும். படகையே ஒடச்சிடலாம்பாங்க. படகு இல்லாம நான் யாரு, போப்பி?”

“முழுகிட்டா மட்டும் யாரு?”

ஐம்பத்து நான்கு வயது ஆள், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அப்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டுமா என்ன?

ஏப்ரல் 15

நான் பட்டறைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 16

காலையில் எனக்கு முன்பே போய், மேஸ்திரியோடு சேர்ந்து பலகையைக் கழற்றியிருக்கிறான். அடுத்த பலகையைச் சுத்தியலால் தட்டினார்கள். டங் என்றது, கெட்டி மரம். அதற்கடுத்ததும்.

ஒரே ஒரு பலகை. அதற்கா இவ்வளவும்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அக்காள் வீட்டில் ஆட்டுக்கறி. விருந்துக்கு வந்திருந்த அந்தீபாஸ் புனித வாரத்தில் பிடித்த கணவாயின் எண்ணிக்கையை மூன்று முறை சொன்னான். நான் மூன்று முறை உப்புக் கேட்டேன்.

ஏப்ரல் 29

புதுப் பலகை ஏறியது. இடுக்குகளில் பஞ்சு திணித்து, இரண்டு பூச்சு அடித்து, இன்று இறக்கினோம். எல்லா இடுக்கும் அழுதது. மரம் ஊறி இறுகும்வரை, கசியும் தண்ணீரை இறைக்க பம்ப் ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு மாதம் மல்லாந்து படுத்த எனக்கு இதைப் பார்க்கப் பொறுமை இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 2

விடிந்ததும் துறைக்குப் போனேன். பம்ப் நின்றிருந்தது. பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஸ்தமாத்திஸ் நான் ஏறும் முன்பே தளப்பலகை எல்லாவற்றையும் தூக்கி அடுக்கி வைத்திருந்தான். வயிறு திறந்த மீன் மாதிரி படகு.

“எறங்கிப் பாரு” என்று டார்ச்சை நீட்டினான். “கைய வச்சுப் பாரு. எல்லாத்தையும்.”

பார்த்தேன். ஒவ்வொரு பலகையாக; எங்கும் கசிவு இல்லை. அவசரப்படவில்லை. அவனும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு வலையை ஏற்றினோம்.