மாப்பிள்ளைக்கும் சுகர், அக்கா

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஜமீலா அக்காவுக்கு,

உங்கள் பூனை போய்விட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. "விஷயத்துக்கு வா வசந்தா" என்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் முடிந்து, பிள்ளைகள் ரபீக் துபாய்க்கும் ஷபானா ஷார்ஜாவுக்கும் திரும்பிப் போன பிறகு, அது பூட்டிய உங்கள் வாசற்படியிலேயே கிடந்தது. ரபீக் போனில், "சின்னம்மா, பூனைய யாராச்சும் கேட்டா குடுத்துடுங்க. மார்க்கெட் பக்கம் விட்டாக்கூட பொழச்சுக்கும்" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் முதன்முதலாக ஊரைவிட்டுப் போனபோது அது துள்ளித் திரிந்த பூனை; துக்க வீட்டில் பூனையை யார் கவனித்தார்கள்? அதற்கு வயதாகிவிட்டது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நான் தூக்கி வந்துவிட்டேன்.

ஷபானா நிக்காஹ் அன்று, பிரியாணி வெந்த பந்தலுக்குள் நனைந்த குட்டியாக வந்து சேர்ந்தது அது. மாப்பிள்ளை என்று பேர் வைத்தீர்கள். "மாப்ள, வாடா சோறு திங்க" என்று நீங்கள் கொல்லையிலிருந்து சத்தம் போட, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நிஜ மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்து நிற்பார். பாவம் அந்தப் பிள்ளை.

எங்கள் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், அது ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. கிண்ணத்தில் வைத்தது போதாமல் துணி அலசும் வாளியில் தலையை விட்டுக் குடிக்கும். தின்று தின்று இளைத்தது. கிணற்றடியில் அது ஒன்றுக்குப் போன இடத்தில் ஒரு நாள் எறும்பு சாரை சாரையாக மொய்த்திருந்தது. இவர் குனிந்து பார்த்துவிட்டு, "வசந்தா, இதுக்கும் சுகர்" என்றார். பூனைக்குச் சுகர் வருமா என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காய்கறிக் கூடையில் வைத்து மேலே துணி கட்டி, பஸ்ஸில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். பிராணிகள் டாக்டர் ஒரு சின்னப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகர்தாம்மா. நடக்குறதப் பாருங்க, பின்னங்கால் குதி தரையில படுது. நரம்பு தளந்துபோச்சு. என்ன சாப்பாடு குடுக்குறீங்க?" என்று கேட்டாள்.

"சோறும் தயிரும்மா. எப்பவாச்சும் முட்டை."

"மொதல்ல சோத்த நிறுத்துங்க. கறியோ மீனோ, உப்பு காரம் இல்லாம வேகவச்சுக் குடுங்க. ரெண்டு வேளையும் இன்சுலின் போடணும். போடத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். யாருக்குப் போட்டுப் பழகினேன் என்று அவள் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடியது. எனக்கு உங்கள் நினைப்புதான். சோற்றை நிறுத்துங்கள் என்று உங்களிடமும்தானே சொன்னார்கள்? "நெல்லு வெளையுற ஊர்ல பொறந்துட்டு, காஞ்ச ரொட்டியத் தின்னு சாகச் சொல்றான் வசந்தா" என்று நீங்கள் டாக்டரைத் திட்டினீர்கள். பிறகு கால்விரல் போயிற்று. கண் மங்கியது. ஊசியில் மருந்து ஏறும் கோடு உங்களுக்குத் தெரியாமல் போனபோதுதான் நான் வந்து போட ஆரம்பித்தேன். ரபீக்குக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். "அவன் வேலைய விட்டுட்டு வந்து நிப்பான்." நான் சொல்லவில்லை. கிட்னி போனபின் நீங்களே சொல்லவேண்டி வந்தது.

நாங்கள் சைவம் என்பது கறிக்கடை பாய்க்குத் தெரியும். நான் போய் நின்றதும் வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்து, "கீரைக்காரம்மா அந்தாண்ட இருக்காங்க" என்றார். கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டி, தனிச் சட்டியில் கோழிக்கறியை வேகவைத்தேன். வாடை தாங்காமல் மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். "நாப்பது வருஷமா கட்டிக்காத்தது போச்சு" என்று இவர் முணுமுணுத்தார். ஆனால், கறி ஆறியதும் எலும்பு பார்த்துப் பிய்த்துப் போட்டது அவர்தான்.

காலையிலும் சாயங்காலமும் அது தின்று முடித்த பிறகு ஊசி. இவர் மடியில் வைத்துக்கொள்வார். நான் முதுகுத் தோலை மெதுவாகத் தூக்கி, கூடாரம் மாதிரி வந்ததும் ஊசியை விடுவேன். முதல் தடவை ஊசியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். உங்களுக்குப் போட்டபோது தயங்காத கை. நீங்கள் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பீர்கள், அதனால் இருக்கலாம். இது வாய் திறக்காமல் என்னையே பார்த்தது. ஷபானா என்னிடம் விட்டுப்போன உங்கள் சுகர் மிஷினில்தான் அதன் காது ஓரத்தைக் குத்திப் பார்ப்பேன். கரண்ட் போகும் நாட்களில் ஈர மணல் பானைக்குள் மருந்தை வைத்துக் காப்பாற்றினேன்.

ஒரு காலையில் ஊசி போட்ட பிறகு, தின்றதை எல்லாம் வாந்தி எடுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் குடித்தவன் போலத் தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை உதைத்தது. இவர் பயந்து சாமி படத்துக்கு ஓடினார். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். "சுகர் எறங்கிடுச்சும்மா, தேன் இருந்தா ஈறுல தேய்ங்க, ஊத்திடாதீங்க, பொறை ஏறிடும்" என்றாள். தேய்த்தேன். விரலில் பல் பட்டு ரத்தம் வந்தது தெரியவில்லை. "மாப்ள, போயிடாதடா, அக்கா என்னைத்தான் கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தேன். கண் திறந்தது அக்கா. உங்களுக்கு அந்த மாதிரி ஒரு தேனை என்னால் தேய்க்க முடியவில்லையே என்று, அது பிழைத்த பிறகுதான் நான் அழுதேன்.

அதற்கப்புறம் சில மாதம் நன்றாகவே இருந்தது. கால் நிமிர்ந்தது. மதில்மேல் ஏறி உங்கள் வீட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே யார் வருவார்கள் என்று நினைத்ததோ.

வந்தது ரபீக். வீட்டை விற்கப் பத்திரம் பதியும் வேலையாக வந்தான். உங்கள் வீட்டில் படுக்க முடியாமல் எங்கள் வீட்டில்தான் தங்கினான். முடி நரைத்து, கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தான். சாயங்காலம் நான் சிரிஞ்சில் மருந்தை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அம்மாவுக்கும் இப்படித்தான் போடுவீங்களா சின்னம்மா?"

"ஆமாம்பா. கண்ணு தெரியாமப் போனப்புறம்."

"இங்க குடுங்க, இன்னைக்கு நான் போடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவன் சிரிஞ்சை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, சுண்டி, காற்றுக் குமிழியை வெளியே தள்ளி, ஒரு நர்ஸைப் போலப் போட்டு முடித்தான். பூனை அசையக்கூட இல்லை.

"எங்க கத்துக்கிட்டேப்பா?" என்று கேட்டேன்.

அவன் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். தொப்புளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தழும்பு. "ரொம்ப வருஷமா எனக்கு நானே போட்டுக்கிட்டு இருக்கேன். அம்மாகிட்ட சொல்லல. சொன்னா அழுவாங்க, சாப்பிட மாட்டாங்க."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. வாரா வாரம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவன் கூப்பிடுவான். "நல்லா இருக்கேன்மா" என்பான். "நானும் நல்லா இருக்கேன்டா" என்பீர்கள். நடுவில் எத்தனை வெள்ளிக்கிழமை!

"அம்மாவும் உங்கிட்ட மறைச்சாங்கப்பா" என்றேன்.

"தெரியும் சின்னம்மா. கடைசியில வீடியோவுல பாத்தேன், போனப் புடிக்கவே முடியாம கை ஆடுச்சு. கேட்டா, பூனை மடியில ஆடுதுடான்னாங்க." சொல்லிவிட்டுச் சட்டையால் முகத்தைத் துடைத்தான். இவர்தான் அவன் தோளைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனார். இருக்கும்வரை காலையும் மாலையும் அவன்தான் மாப்பிள்ளைக்கு ஊசி போட்டான்.

அவன் விமானம் ஏறிய அடுத்த மாதம் பூனை சாப்பாட்டை விட்டது. கிட்னி அக்கா. அதுவும் உங்கள் வழியிலேயே போயிற்று. டாக்டர் மெதுவாக, "கஷ்டப்படாம ஒரு ஊசியில முடிச்சுடலாம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "உசுரக் குடுத்தவன் எடுப்பான், நீ யாரு?" என்றிருப்பீர்களா? "வலிக்கவிடாத வசந்தா" என்றிருப்பீர்களா? வலிக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் மத்தியானம் என் புடவை முந்தானையில் தலை வைத்தபடி அடங்கிவிட்டது. சரியாகச் செய்தேனா என்று இன்றும் தெரியவில்லை.

ரபீக் வீடியோவில் பார்த்தான். வேலைக்கிடையில், கட்டடப் படிக்கட்டில் உட்கார்ந்து, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஏதோ ஓதினான். பூனைக்கு ஓதலாமா கூடாதா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. எங்கள் தென்னைக்கு அடியில் இவர் குழி வெட்டினார். உங்கள் வீட்டை இடிக்கிற புழுதி அதற்குள் மண்மேட்டில் படிந்துவிட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவன் எனக்குக் கூப்பிடுகிறான். "நல்லா இருக்கேன் சின்னம்மா" என்று தொடங்குவான். "அது கெடக்கட்டும், காலையில எவ்வளவு காட்டுச்சு?" என்பேன். தயங்கித் தயங்கிச் சொல்வான். போன வாரம் சொன்ன கணக்கு நல்லதாக இல்லை. வீடியோவில் பாதத்தைக் காட்டு என்றேன். செருப்பைக் கழற்றிக் காட்டினான். பெருவிரல் ஓரம் ஒரு கொப்புளம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவைத்தேன். கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஷபானாவுக்கும் சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டான், கோபித்துக்கொள்ளட்டும். ஒரு சத்தியம் உங்களுக்காகக் காத்தேன், அக்கா. அவனுக்காக அப்படி ஒன்றைக் காக்கமாட்டேன். என் கண் தெரிகிறவரை அவன் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரபீக்கின் சின்னம்மா,
உங்கள் தங்கை வசந்தா
பாபநாசம்