டம்ளரில் வந்த அந்துப்பூச்சி

திருவண்ணாமலை
23.5.2025

அன்புத் தங்கை மதிக்கு,

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். போனில் என்றால் பாதியில் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். பதினான்காம் தேதி நம் மொட்டைமாடி விளக்குப் பொறியில் விழுந்ததாகச் சொன்னேனே, டசர் பட்டு அந்துப்பூச்சி, அது தானாக வரவில்லை. செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் கழிப்பறைச் சுவரில் உட்கார்ந்திருந்தது. டம்ளரால் மூடி, துண்டுக்குள் மறைத்து எடுத்துவந்தேன். வாசலில் காத்திருந்த வெள்ளைக்காரம்மா, ஐம்பத்திரண்டு வயதில் டம்ளர் திருடுகிறானே என்று பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது. சாயந்திரம் பொறிக்குள், பூச்சிகள் ஒட்டிக்கொள்ளப் போட்டிருக்கும் கோழிமுட்டை அட்டைகளுக்கு நடுவே விட்டுவிட்டேன்.

உன் ஆராய்ச்சிக்கென்று மூன்று வாரமாக அழுக்கு நிறத்தில் பொடிப் பூச்சிகளாகவே அனுப்பினேன். "இவ்ளோதானாண்ணா?"னு கேட்டாய். ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் பொறியைத் திறக்க எனக்கு முகமில்லை. உன் அண்ணி உண்ணாமலைதான் பூச்சியை எடுத்து டப்பாவில் கட்டி அனுப்பினாள்.

நேற்று நீ, கட்டுரை அச்சுக்குப் போகிறது, அதை வைத்துத்தான் கல்லூரியில் வேலை நிரந்தரமாகும் என்றாய். சோறு இறங்கவில்லை.

அண்ணன்,
சகாதேவன்


கோயம்புத்தூர்
27.5.2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மலையடிவாரத்தில் நம் மாடிப் பொறிக்கு இந்தப் பூச்சி தானாக வந்தது என்பதுதான் கட்டுரையே. கிடைத்த இடம் பொய் என்றால், பட்டியலில் உள்ள மற்ற எண்பது பூச்சிகளின் பெயரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

டப்பாவை நான் பிரிக்கவே இல்லை. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று பீரோவில் வைத்துவிட்டேன். அது என் தப்பு.

பத்திரிகை ஆசிரியருக்குச் சொல்ல வேண்டும். கடையில் பிடித்தது என்ன நிறம், எத்தனை மணி, யார் பார்த்தது? ஜோக் இல்லாமல் எழுதுங்கள்.

மதிவதனி


திருவண்ணாமலை
30.5.2025

அன்பு மதிக்கு,

பிறந்ததிலிருந்து 'நீ' என்றவள் 'உங்கள்' என்று எழுதியதும், வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

செங்கல் நிறம். இறகு மாதிரி மீசை. நீ முன்பு அனுப்பிய படத்தோடு ஒத்துப் பார்த்தேன், ஆண்தான். மாலை நாலரை மணி. சாட்சி அந்த வெள்ளைக்காரம்மா, ஊருக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டு தசரதன், பொம்பளைங்களைப் பாக்கத்தான் சகாதேவன் மாடியில லைட் போடறான்னு தெருவெல்லாம் சொல்லிவருகிறான். அதைத் தாங்கிவிடுவேன். உன் வேலை போனால் தாங்கமாட்டேன். நானே வந்து ஆசிரியரிடம் சொல்லட்டுமா?

சகாதேவன்


கோயம்புத்தூர்
4.6.2025

அண்ணாவுக்கு,

வரவேண்டாம். கட்டுரையைத் திங்கட்கிழமை திரும்பப் பெற்றுவிட்டேன். வேலைக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள்.

தூக்கிப் போடலாம் என்று நேற்றுதான் டப்பாவைப் பிரித்தேன். உள்ளே இருந்ததும் டசர்தான், ஆனால் மஞ்சள் நிறம். மெல்லிய மீசை. பெண்.

அண்ணிக்குப் போன் போட்டேன். "செவப்புப் பூச்சி, பொறி மூடியத் தெறந்ததும் பறந்துட்ச்சிம்மா. இந்த மஞ்சளு பக்கத்து அட்டையில ஒட்டிக்கினு இருந்துது. அதத்தான் கட்டி அனுப்பினேன்" என்றார்.

மதிவதனி