திறந்தால் நிமிர்ந்துவிடும் மாங்காய்

இன்று காலை அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் இரும்பு அறுக்கும் வாடை மூக்கில் ஏறியது. காதர் பாயின் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீ இறந்து நாலு மாதமாகிறது. நாம் இருவரும் சேர்ந்து போயிருக்க வேண்டிய இடம் அது.

நாம் எழுதிய கேட் டிசைன் மென்பொருளை முதலில் நம்பி வாங்கியவர் பாய்தான். ஒரு கல்யாண மண்டபத்து கேட்டுக்காக, மாங்காய் உருக்களைச் சாய்த்து வரைந்து சேமித்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். தகடு வெட்டும் முருகேசண்ணன் கோப்பைத் திறந்து, திரையில் தெரிந்தபடியே வெட்டினார். மாங்காய்கள் எல்லாம் நேராக நின்றன. தகடு வீண். அவர் கைபட்டுத்தான் படம் மாறியது என்று பாய் அவரை மிஷின் பக்கமே விடவில்லை.

சேதி கேட்டதும் நீ சொன்னாய்: “தப்பு நம்ம மேலதான் மாப்ள. காரணம் அப்புறம் தேடுவோம். மொதல்ல பாய்கிட்ட சொல்லிருவோம்.”

நான்தான் தடுத்தேன். கண்டுபிடித்த பிறகு போகலாம், இல்லையென்றால் ஒருவரும் நம்மிடம் வாங்க மாட்டார்கள் என்றேன். நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. சேமிக்கும் பகுதியை வரி வரியாகத் துருவினோம். பத்தே நாளில், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

அதன்பிறகு சில வாரம் அந்தக் கணினியைத் தொடவே பிடிக்கவில்லை. பிறகு, விடுவதில்லை என்று தினமும் காலையில் உட்கார்ந்தேன். சென்ற வாரம் அந்தக் கோப்பைப் படமாகத் திறக்காமல் வெறும் எழுத்தாகத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மாங்காய்க்கும் நேரே சாய்வு நாற்பத்தைந்து பாகை என்று பதிந்திருந்தது. சேமிப்பதில் கோளாறே இல்லை! திறக்கும் பகுதியை ஒவ்வொரு அடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். மாங்காய் முதலில் சரியாகவே சாய்கிறது. அடுத்து அதன் அளவைப் பொருத்தும் வரிகள், இருந்ததை எறிந்துவிட்டுப் புதிதாக ஒரு மாங்காயை உண்டாக்குகின்றன. புதியதற்குச் சாய்வு பூஜ்யம். அந்த வரிகளை எழுதியவன் நான்.

திருத்திவிட்டுப் பத்துத் தடவை மூடித் திறந்தேன். சாய்ந்தபடியே இருந்தது. உன் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நீ சொல்லச் சொன்னதையும் நான் மறைத்ததையும். அவர் முருகேசண்ணனைக் கூப்பிட்டு, அவரிடமும் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துச் சொன்னார்: “நான் எதையும் மாத்தலன்னு அன்னைக்கே சொன்னேன்ல பாய்.”

“சொன்னீங்க. நாந்தான் கேக்கல.”

பாயே போய் மிஷினைப் போட்டுவிட்டு, முருகேசண்ணனுக்கு இடம் விட்டு விலகி நின்றார்.

மதியம் சமயநல்லூரிலிருந்து இன்னொரு பட்டறைக்காரர் கூப்பிட்டார். கோப்பைத் திறந்தால் கம்பியின் நிறம் மாறிவிடுகிறதாம். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது.

“தப்பு எங்களோடதாத்தான் இருக்கும்ணே. நான் வந்து பாக்குற வரைக்கும் யாரையும் வையாதீங்க. நேர்லயே வாரேன்” என்றேன்.

எங்களோடது என்றுதான் இன்னமும் வாயில் வருகிறது.