பெல்ட்டை நிறுத்திய மத்தியானம்

இன்று காலை நல்ல மழை. பால் வாங்கப் போகக் குடை கிடைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய உங்கள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கை எனக்கு நான்கு விரல் நீளம் அதிகம். நனைந்ததும் அதிலிருந்து ஈர நிலக்கரியும் கிரீஸும் கலந்த உங்கள் வாசனை கிளம்பியது. பால் பூத் வரிசையில் நின்றபடியே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். புருஷன் போய் இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இவளுக்கு என்ன சிரிப்பு என்று நினைத்திருப்பார். பல் பிடுங்க லாரி ஏறப் பார்த்த தாத்தாவை அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

எனக்கு வேலை கிடைத்தபோது வயது முப்பத்தாறு. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுப் பதினான்கு வருடம் அடுப்படியில் இருந்தவளை, ஒரு சின்ன சென்னை கம்பெனி நம்பி எடுத்தது. வீட்டிலிருந்தே வேலை, முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். தையல் மெஷின் மேல் பலகையைப் போட்டு நீங்கள்தான் மேசை செய்து கொடுத்தீர்கள். முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வருவீர்கள். சாப்பிட்டுக்கொண்டே அன்றைக்கு நான் எழுதிய புரோகிராமைப் பற்றிக் கேட்பீர்கள். சுரங்கத்தில் நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டோடு வாழ்ந்தவர், கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. ஆனால், "இந்த பட்டன ரெண்டு வாட்டி அமுத்தினா என்னா ஆவும்?" என்று கேட்டு என்னைத் திகைக்க வைப்பீர்கள். சோற்றுக் கையோடு நான் ஓடிப்போய்ப் பார்த்தால், ஏதாவது ஒன்று கெட்டுத்தான் இருக்கும்.

ஐந்தாவது மாதம் அது நடந்தது. ஒரு பல் மருத்துவமனை நோயாளிகளுக்கு, மறுநாள் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று செய்தி அனுப்பும் புரோகிராம். அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்து ஓடவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் எதேச்சையாகப் பார்த்தால், மதியம் இரண்டு, மூன்று மணிக்கு வரவேண்டியவர்களுக்கு அதிகாலை இரண்டு, மூன்று மணி என்று போய்க்கொண்டிருந்தது. அதற்குள் முப்பது பேருக்குப் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் இனிமேல் போவது ஒழுங்காகப் போகும், போனதை அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் சைக்கிள் மணி கேட்டது.

"என்னாத்துக்கு சாப்புடாம உக்காந்துகினு இருக்க?" என்றீர்கள். சொன்னேன். சென்னைக்குச் சொன்னாயா என்று கேட்டீர்கள்.

"சொன்னா வேலை போயிடுங்க. இன்னும் ஒரு மாசந்தான் பாக்கி."

 எட்டு வருடம் காண்ட்ராக்டில் இருந்துவிட்டுப் பெர்மனென்ட் ஆன உங்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"பெல்ட்டுல கிழிசல் பாத்தா மொதல்ல பெல்ட்ட நிறுத்துவோம். யாரால கிழிஞ்சிதுன்னு அப்பறமா பேசிக்கலாம். காண்ட்ராக்ட்ல இருந்தப்ப நானே நிறுத்தியிருக்கேன், வேல போயிடுமோன்னு பயந்துகினேதான். போனப் போடு. நான் இங்கியேதான் இருக்கேன்."

எங்கள் குழுவின் தலைவி பிரவீணா என்னைவிடப் பத்து வயது சின்னவள். சொல்லி முடித்ததும் மறுமுனையில் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "செய்தி போறத நிறுத்திட்டேன்க்கா. லிஸ்ட்ட எடுங்க, ஆளுக்குப் பாதிப் பேரக் கூப்புட்டுச் சொல்லிடுவோம்" என்றாள்.

என் பங்குக்குப் பதினைந்து பேர். பத்தாவதாக எடுத்தவர் ஒரு தாத்தா. நேரம் தப்பாக வந்துவிட்டது, மதியம் இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்றேன். "மத்தியானம் எப்படிம்மா வர்றது? ராத்திரியில பஸ் இல்லேன்னு தக்காளி லாரிக்காரன்கிட்ட இப்பதான் பேசி முடிச்சேன். அவன் பகல்ல வரமாட்டானே" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். நீங்கள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினீர்கள். பஸ் நேரத்தைத் தேடிச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நடந்ததை எழுதித் தரும்படி பிரவீணா கேட்டாள். இரண்டு பக்கம் மன்னிப்பாகவே எழுதி உங்களிடம் படித்துக்காட்டினேன். ஷிஃப்ட் மாற்றும்போது நீங்கள் எழுதும் நோட்டைப் பற்றி அன்றுதான் சொன்னீர்கள்: "என்னா ஆச்சி, என்னா செஞ்சோம், அடுத்த ஷிஃப்ட்டு ஆளு என்னாத்தப் பாக்கணும். அவ்ளோதான். அழுவாச்சியெல்லாம் அதுல எழுத மாட்டோம்."

இரண்டு பக்கம் அரைப்பக்கம் ஆனது. பிரவீணா அதை எல்லோருக்கும் அனுப்பினாள். கொஞ்ச நாளில் குழுவில் ஒவ்வொருவரும், தப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும், வேலை முடிக்கும்போது அப்படி ஒன்று எழுத ஆரம்பித்தார்கள். அடுத்த மாதம் என் வேலை உறுதியானது. பண்ருட்டி போய் முழுப் பலாப்பழம் ஒன்றைச் சுமந்து வந்து, "வூட்டுல ரெண்டு பேருமே பெர்மனென்ட்" என்று குடியிருப்பில் நம் பிளாக் முழுக்கச் சுளை கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம். ஒரு காலையில் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினேழு நாள் கழித்து லேப்டாப்பைத் திறந்தேன். நான் இல்லாத ஒவ்வொரு நாளுக்கும் குழுவினர் எனக்கென்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள்: என்ன ஆச்சு, என்ன செய்தோம், அக்கா என்ன பார்க்கணும். சுரங்கத்தையே பார்த்திராத பிள்ளைகள் உங்கள் நோட்டை எழுதியிருந்தார்கள். அழுதேன். பிறகு முதல் குறிப்பிலிருந்து வேலையைத் தொடங்கினேன்.

இப்போது என் கீழ் ஐந்து பேர். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தில், தங்கள் பத்துக் கிளைகளுக்கும் இதே புரோகிராம் தாங்குமா என்று ஒருவர் கேட்டார். முன்பென்றால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். "தெரியலைங்க. சோதிச்சுப் பாத்துட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றேன். வெள்ளிக்கிழமை, இப்போது தாங்காது, சரிசெய்ய மூன்று வாரம் வேண்டும் என்று சொன்னேன். நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

தெரியாது என்று சொல்லும்போது குரல் நடுங்காத ஒருத்தியை எனக்குள் விட்டுப்போயிருக்கிறீர்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.