தொட்டியில் இருபத்திமூன்று பாத்திரம்

ஞாயிற்றுக்கிழமை, ஆவணி பதினான்கு. மாலை நாலு இருபது. தொட்டியில் இருபத்திமூன்று பாத்திரம், கரண்டிகளைச் சேர்க்காமல்.

அம்மா, என் தங்கமே,

இப்படிக் கூப்பிட்டால், "என்னடா, காசு வேணுமா?" என்று கேட்பாய். வேண்டாம். பாத்திரத்தில் கை வைப்பதற்கு முன் உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும். தேய்த்த பிறகு உட்கார்ந்தால் விரலெல்லாம் ஊறிப்போய்ப் பேனா வழுக்குகிறது.

முதலில் ஒரு பொய்யைத் தீர்த்துவிடுகிறேன். உன் காரியத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வசனம் பேசினார்கள். "மகராசி, ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாளா? எல்லாம் சந்தோஷமா செஞ்சா." நான் அவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். நீ முகம் சுளித்ததை நான் பார்க்காத நாள் உண்டா? ஜலதாரையில் அடைத்துக்கொண்ட சோற்றைக் கையால் அள்ளும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாய். அப்பாவின் வெற்றிலைக் கறை வேட்டியைக் கல்லில் அடிக்கும்போது, வெற்றிலையைக் கண்டுபிடித்தவனின் ஏழு தலைமுறையையும் சபிப்பாய். செத்துப்போனவுடன் ஏன் எல்லோரும் உனக்கு ஒரு சிரித்த முகத்தை எடுத்து மாட்டுகிறார்கள்?

நீ ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நெஞ்சைப் பிசைகிறது என்றாய். ஆட்டோ வாசலில் வந்து நின்றுவிட்டது. "தோ வந்துட்டேன்பா, அந்தக் குக்கர ஊற வெச்சிட்டு வரேன்" என்று உள்ளே திரும்பிப் போனாய். குழாய்ச் சத்தம் கேட்டது. மறுநாள் சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்பியபோது குக்கர் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. சோறு நுரைத்துப் புளித்து நாறியது. யாரும் தொடவில்லை. நான்தான் தேய்த்தேன். இந்த வீட்டில் நான் தேய்த்த முதல் பாத்திரம் அதுதான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். உன் மகள் பவி இன்னும் சென்னைக்குத் திரும்பவில்லை. நாளைக்கும் வகுப்புக்குப் போகாவிட்டால் வருகை குறைந்துபோய் இந்த செமஸ்டரே எழுத முடியாது. இரண்டாம் வருஷம் அதோடு முடிந்தது. அத்தைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. "ரெண்டு ஆம்பளைங்க இருக்கற வீட்ல பொம்பள கை இல்லாம எப்படி? வீட்லருந்தே கரெஸ்ல படிச்சிக்கட்டும். படிப்பு எங்க ஓடிடப் போவுது?" என்றாள். அப்பா தலையாட்டினார்.

நான் செய்கிறேன் என்றேன். கம்பெனியில் என் வேலையே ஒரு லைனில் எங்கே தேங்குகிறது, யார் கை சும்மா இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். அதே கண்ணால் நம் வீட்டைப் பார்த்தேன். தறியை விட்டு இறங்கினால் அப்பாவின் கை சும்மா. ஷிப்ட் முடிந்து வந்தால் என் கை சும்மா. நிற்காமல் ஓடியது ஒரே ஒரு மெஷின். அதற்கு ஓய்வும் இல்லை, சர்வீஸும் இல்லை. கம்பெனியில் அப்படி ஓட்டினால் எங்களை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

இன்று காலை அப்பாவிடம் நேராகவே கேட்டேன். நீங்கள் சாப்பிட்ட தட்டையாவது நீங்கள் கழுவலாமே என்றேன்.

"கை சொரசொரப்பா ஆச்சின்னா பட்டு இழை மாட்டும்டா. தறியில உக்கார்றவன் தேய்க்கிற நாரத் தொடலாமா?"

"அம்மா உக்காரலியா? கோர்வைச் சேலைக்கு அந்தாண்ட இருந்து கரை நாடா தள்ளினது யாரு? காலைல பாத்திரம் தேய்ச்ச அதே கைதானே?"

"அவ விரல கல்லுல தேய்ச்சி வழவழன்னு வெச்சிக்கினு வருவா."

"அந்தக் கல்லு இன்னும் பாத்ரூம்லதாம்பா இருக்குது."

அப்பா எழுந்து போய்விட்டார். தறியின் ஓரத்தில் கரை இழைக்கான நாடாவைத் தள்ள நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது கூலிக்கு ஒரு ஆள் உட்காருகிறார். அவரும் தன் வீட்டில் தட்டு கழுவுகிறவராகத் தெரியவில்லை. நான் போன வாரம் முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கித் தொட்டிக்கு மேல் ஆணியில் மாட்டினேன். அப்பா அதன் மேல் தன் துண்டை மாட்டியிருக்கிறார்.

சண்டை அதோடு முடியவில்லை. பவி புறப்பட வைத்திருந்த பையை அப்பா தூக்கி மர அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். நான் பவியைத் தேடிப் போனால் அவள் தொட்டியின் முன்னால் நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பாவாடையை நீ செருகுகிற மாதிரியே இடது பக்கம் செருகியிருந்தாள்.

"விடுண்ணா. ஒண்ணும் கஷ்டம் இல்ல. பழகிடுச்சி."

பழகிடுச்சி. இது உன் வார்த்தை அம்மா. அவளுக்குப் பத்தொன்பது வயது. நாரைப் பிடுங்கினேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் போய்ட்டா நீ எத்தினி நாள் செய்வ? ஒனக்குக் கல்யாணம் ஆவற வரிக்கும் செய்வ. அப்புறம் எவளோ ஒருத்தி வந்து இங்க நின்னு தேய்ப்பா. என்ன எடுத்துட்டு அவள மாட்டிடுவ. ஸ்பேர் பார்ட்டு. இதானே உன் இன்ஜினியரிங்கு?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அம்மா?

பிடுங்கிய நாரோடு நான் நின்றதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஈரக் கையோடு கீழே உட்கார்ந்து, "அம்மா ரேஷன் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்க போவாங்க, தெரியுமா?" என்றாள். பிறகு உன் டவுன் பஸ் கதையைச் சொன்னாள். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து, மதியப் பாத்திரத்தை முடித்துவிட்டு நீ செவிலிமேடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்வாயாமே? கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவாயாம். லீவு நாளில் பவியும் கூட வருவாளாம். "எங்கம்மா எறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்டால், "எங்கயும் இல்லப்பா. ஏத்தின எடத்துலயே கொண்டாந்து விட்டுடு" என்பாயாம். ஜன்னல் சீட்டு கிடைத்தால் அன்று உனக்குத் தீபாவளியாம்.

அம்மா, அந்த ஜன்னலில் என்ன பார்த்தாய்? ஏன் எங்களிடம் சொல்லவில்லை? சொன்னால் கேலி செய்வோம் என்றா, இல்லை போகிற வழியில் பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்வோம் என்றா? உன் சந்தோஷத்தை இந்த வீட்டு வேலைக்குள் தேடுகிறார்கள் உன் சொந்தக்காரர்கள். நீ அதை ஊர் எல்லை வரைக்கும் கொண்டுபோய் வைத்திருந்தாய்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஈரக் கையோடு மின்விசிறிக்குக் கீழே நின்றேன். கையில் காற்று பட்டது. ஒரு நொடி நன்றாகத்தான் இருந்தது. உடனே எரிச்சல் வந்தது. இந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டுதானே "சந்தோஷமா செஞ்சா" என்று உன் கதையை முடித்தார்கள்?

பவி பேசி முடித்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனேன். பூட்டைத் தொடவில்லை. கீலைக் கழற்றினேன். பழைய ஸ்க்ரூ, துரு ஏறி இறுகியிருந்தது. அப்பா தறியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவ கழட்றியே, திரும்ப எவன்டா மாட்டுவான்?"

"நான்தாம்பா. வேற யாரு இருக்காங்க இந்த வீட்ல?"

அவர் தடுக்கவில்லை. போகட்டும் என்றும் சொல்லவில்லை. பையை எடுத்துப் பவியின் மடியில் வைத்தேன். "போறேன். ஆனா நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல" என்றாள். அவளிடம் சொல்ல வராததை உன்னிடம் எழுதித் தருகிறேன். இது வாக்கு. நான் செய்யப் போவது:

1. நாளை விடிவதற்குள் பவியைச் சென்னை பஸ்ஸில் ஏற்றுவேன். அப்பா வாசலில் படுத்துக்கொண்டால் பின்கதவு இருக்கிறது.

2. சமையலும் பாத்திரமும் துணியும் என் வேலை. அப்பா சாப்பிட்ட தட்டு மட்டும் அவருடையது. அதை நான் தொட மாட்டேன். நாறினாலும் தொட மாட்டேன்.

3. அத்தை பெண் பார்த்துக்கொண்டு வருவாள். பெண் வீட்டில் காபி தருவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன், எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பது நான் என்று. அதைக் கேட்டு யாராவது சிரித்தால் எழுந்து வந்துவிடுவேன். எல்லா வீட்டிலும் சிரித்தால் எனக்குக் கல்யாணம் இல்லை.

4. ஹாஸ்டலிலிருந்து பவி போன் செய்வாள். "கஷ்டமா இருக்குதாண்ணா?" என்று கேட்பாள். "ஆமா, கஷ்டமாத்தான் இருக்குது" என்பேன். "நீ வராத" என்பேன்.

உன் மூத்த பிள்ளை,
பவியின் அண்ணன்.