நிற்கிற வண்டியை அது பார்க்காது

2025 ஜூலை 8, செவ்வாய்

பதினோராம் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சார்புத் திசைவேகம் போன வாரம்தான் நடத்தினேன். இன்று கேட்டால் மொத்த வகுப்பும் முழிக்கிறது. அனுசியா எழுந்து, "நீங்க அத நடத்தவே இல்ல டீச்சர்" என்கிறாள். நடத்தவே இல்லையாம்! காதைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்ய? மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன்.

திரும்பும்போது சாரல். அந்த ஒன்றுதான் இன்றைக்கு நல்லது. அப்புறம் என் புதுக் கார். குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து சிவகிரிப் பள்ளிக்கூடத்துக்குப் பதினேழு வருஷம் பஸ்ஸில் நின்று தேய்ந்த முழங்கால் இது. ஊர் தாண்டியதும் எழுபதில் குரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டால் போதும், எதையும் மிதிக்க வேண்டாம். முன்னால் போகிற வண்டி மெதுவாகப் போனால் என் காரும் மெதுவாகும். அது வேகமெடுத்தால் இதுவும் வேகமெடுக்கும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன். இரண்டு மாதமாக முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நாளையும் பள்ளிக்கூடம் உண்டாம். சனிக்கிழமையைக்கூட விடமாட்டார்கள்.

ஜூலை 12, சனி

இடித்துவிட்டது. கார் இடித்துவிட்டது. நான் இல்லை, கார்.

 இப்போதே எழுதிவைக்கிறேன், நாளைக்கு எவனாவது மாற்றிச் சொல்வான்.

மத்தியானம் மூன்றரை. சொக்கம்பட்டி தாண்டி, குரூஸ் எழுபதில். முன்னால் கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப் போகிற மினி லாரி. அது ஐம்பதில் போனது, என் காரும் ஐம்பதில் போனது. திடீரென்று லாரிக்காரன் இடப்பக்கம் ஒடித்தான். அவனுக்கு முன்னால் ஒரு பழைய வெள்ளைக் கார் நடுரோட்டில் நிற்கிறது, வலப்பக்கம் பெட்ரோல் பங்குக்குத் திரும்ப விளக்கைப் போட்டுக்கொண்டு. லாரி விலகியதும் என் கார் நிற்க வேண்டுமா இல்லையா? அது வேகம் எடுத்தது! வழி காலியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வேகம் எடுத்தது! அப்புறம்தான் காருக்குள் சிவப்பு எச்சரிக்கை விளக்கும் அலறலும். கடைசி நொடியில் அதுவாக ஒரு பிரேக். எதற்கு அந்த பிரேக்?

நானும் மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மிதித்தேன்.

அந்தக் காரில் கணவனும் மனைவியும். கடையநல்லூர்க்காரர்கள். முகம்மது சலீம், ஜாஹிரா பீவி. பின் சீட்டில் இருந்த அந்த அம்மாவுக்கு வலது பக்கம் காறை எலும்பு முறிந்துவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனுஷர் என்னைத் திட்டவே இல்லை. ஒன்றையே திருப்பித் திருப்பிக் கேட்டார்: "ஏம்மா, நாங்க நின்னுக்கிட்டுதானே இருந்தோம்?"

போலீஸ் ஸ்டேஷனில், பிரேக் மிதித்தும் வண்டி நிற்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. பிரின்ஸ் போய்விட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்கிறார்: "ஏட்டி, அந்நேரம் கால எங்க வச்சிருந்த?"

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு விபத்து நடந்த மறுநாள் பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது?  சோறு மட்டும் போட்டேன். குழம்பை அவரே ஊற்றிக்கொள்ளட்டும்.

ஜூலை 14, திங்கள்

லீவு போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனேன். வாங்கும்போது இரண்டு கையாலும் கும்பிட்டு வரவேற்றவர்கள் இன்று அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

எனக்குக் கார் விற்றது ஜெபசிங். எங்கள் சபைதான். பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பவர். மூன்று நாளாக அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. "நிக்குத வண்டிக்கு இது நிக்காதுன்னு ஏன் சொல்லல? ஒரு பொம்பள எலும்பு முறிஞ்சு கிடக்கா!" என்று கத்தினேன். கார் பார்க்க வந்த குடும்பம் ஒன்று எழுந்து வெளியே போயிற்று. போகட்டும்.

ஜெபசிங் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நான் அன்னைக்கே சொன்னேம்லா."

"சொல்லல. பொய் சொல்லாதீங்க."

"சொன்னேங்க்கா."

மேலாளர், எழுத்தில் கொடுங்கள் என்றார். மூன்று பக்கம் எழுதினேன். விளம்பரத்தைப் பற்றி ஒரு பக்கம், ஜெபசிங்கைப் பற்றி இரண்டு பக்கம். 'வாடிக்கையாளருக்கு எந்த எச்சரிக்கையும் தரப்படவில்லை' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஜூலை 16, புதன்

காரின் கையேடு நானூறு பக்கத்துக்கு மேல். இன்றுதான் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். குரூஸ் பற்றிப் பத்தொன்பது பக்கம். அதில் ஒரு கட்டத்துக்குள் சின்ன எழுத்தில்: நின்றுகொண்டிருக்கும் வாகனங்களை இக்கருவி உணராமல் போகலாம். முன்செல்லும் வாகனம் விலகி, நிற்கும் வாகனம் எதிர்ப்பட்டால் பிரேக் இயங்காமல் போகலாம். ஓட்டுநரே பொறுப்பு.

சொக்கம்பட்டியில் நடந்ததை அப்படியே எழுதி வைத்திருக்கிறான்! இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தவன் அதை முதல் பக்கத்தில் போட்டால் என்ன கேடு? விளம்பரத்தில் ஒருத்தி இரண்டு கையையும் விட்டுச் சிரிக்கிறாள். 'உங்கள் கவலையை எங்களிடம் விடுங்கள்.' விட்டேனே!

காரணமும் புரிகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். காரின் முன்பக்கத்து ரேடாருக்கு ரோட்டோரத்துப் பலகை, பாலத்துச் சுவர், மைல்கல் எல்லாமே நிற்கிற பொருள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஊர் போய்ச் சேராது. அதனால் ஓடுவதை மட்டும் கணக்கில் எடுத்து, நிற்பதைத் தள்ளிவிடுகிறது. சார்புத் திசைவேகம்தான். பிளஸ் ஒன் பாடம். இயற்பியல் டீச்சரான இந்தப் பெர்சிஸுக்கே தெரியாமல் போன பாடம்.

ஜூலை 19, சனி

கடையநல்லூருக்குப் பஸ்ஸில் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். வலக்கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். தலைமுடியை மருமகள்தான் பின்னிவிடுகிறாள். சோறும் ஊட்டிவிடுகிறாள். "ஒங்களுக்கு அடி ஒண்ணும் படலியே டீச்சரம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சலீம் பாய் திட்டாமலே திட்டினார். "அந்தக் காரு தன்னால ஓடுமாமே?"

"தானா வேகத்தக் குறைச்சுக்கிடும் பாய். ஆனா நிக்குற வண்டிய..."

"அப்பம் நீங்க எதுக்கு உள்ள இருந்திய?"

ஆரஞ்சுப் பழப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் ஆத்திரம். யார்மேல் என்றுதான் பிடிபடவில்லை.

ஜூலை 23, புதன்

ஷோரூமிலிருந்து போன். விசாரணை முடியும்வரை ஜெபசிங் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நல்லது.

ஜூலை 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் செருப்புப் போடும்போது ஜெபசிங்கின் மனைவி ஜெஸி வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். அவள் குரலே உயரவில்லை.

"அக்கா, அவிய சொல்லவே இல்லன்னு நீங்க உறுதியா சொல்லுதியளா? சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போயி அவியகிட்ட சண்ட போட்டுக்கிடுதேன். பதினோரு வருஷம் பாத்த வேலை. பொய் சொல்லுதாவளா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

"சொல்லல" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பாடகர் குழுவில் இன்று ஜெபசிங் இல்லை.

ஏன் இந்தப் பேனா இங்கேயே நிற்கிறது? சொல்லவில்லைதானே? சொல்லவில்லை.

ஜூலை 30, புதன்

ஷோரூம் புகாரோடு சேர்த்து அனுப்ப, கார் எடுத்த நாளின் படங்கள் வேண்டியிருந்தன. பிரின்ஸ் குளிக்கப் போயிருந்த நேரம் அவர் போனை எடுத்தேன். படங்களுக்கு நடுவே ஒரு வீடியோ. நான்கு நிமிஷம் பன்னிரண்டு நொடி.

மே 19. காருக்குச் சிவப்பு ரிப்பன். பச்சைப் பட்டுச்சேலையில் நான். எங்கள் சபைப் போதகர் ஐயர் கையில் வேதாகமம். ஓரத்தில் மேசைமேல் கார் படம் போட்ட கேக். ஜெபசிங் என் பக்கமாகக் குனிந்து சொல்கிறார்: "அக்கா, ஒண்ணே ஒண்ணு முக்கியம். முன்ன ஓடுத வண்டியப் பாத்துதான் இது ஓடும். ஏற்கனவே நிக்குத வண்டிக்கு இத நம்பாதீங்க. கால் எப்பவும்..."

ஐயர் "ஜெபிப்போமா?" என்கிறார். எல்லோரும் கண்ணை மூடுகிறோம். ஜெபசிங்கும் பாதிப் பேச்சில் வாயை மூடி, கண்ணை மூடுகிறார். காருக்காகவும், அதில் ஏறுபவர்களுக்காகவும், தூரப் பயணங்களுக்காகவும் நீண்ட ஜெபம். ஆமென்.

ஆமென் சொன்ன கையோடு அந்த மனுஷர் மறுபடி வருகிறார். "அக்கா, அந்த நிக்குத வண்டி விஷயம்..."

அப்புறம் என் குரல். என் குரல்தான். சிரிக்கிறேன். "அதெல்லாம் தெரியும் ஜெபசிங். நான் பிசிக்ஸ் டீச்சராக்கும். மொதல்ல கேக் வெட்டுவோம், ஐயர் அடுத்த வீட்டு ஜெபத்துக்குப் போணும்."

ஐந்து தடவை போட்டுப் பார்த்தேன். ஐந்து தடவையும் அதையேதான் சொல்கிறேன்.

பிரின்ஸ் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றார். "இது ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேப்பியா நீ? நீயாப் பாக்கட்டும்னு இருந்தேன்."

போனை அவர் மேலேயே எறிந்தேன். பிடித்துக்கொண்டார். பாவி மனுஷன். ஒரு வாரமாக ஒருத்தனுக்கு வேலை இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டு, நானாகப் பார்க்கட்டும் என்று இருந்திருக்கிறார். என்னை விட்டால் இவர்தான் அடுத்த குற்றவாளி.

ஜூலை 31, வியாழன்

வீடியோவை அழித்துவிடலாம். ஒரே ஒரு அழுத்து. பிரின்ஸ் வாய் திறக்கமாட்டார், அது அவருக்குப் பழக்கம்தான்.

பதினோராம் வகுப்புக்குள் நுழைந்ததும் அனுசியா தானாகவே எழுந்து நின்றாள். நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. "உக்காரு" என்றேன். பயந்துகொண்டே உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தப் பாடத்தை நடத்தினேன், உண்மை. அதுபோலத்தான் ஜெபசிங்கும் சொன்னார். கேட்காதவளை நிற்க வைத்தேன். கேட்காத நான் என்ன செய்தேன்? சொன்னவனை வீட்டில் உட்கார வைத்தேன்.

காலை எங்கே வைத்திருந்தேன்? எழுதிவிடுகிறேன். சீட்டுக்கு அடியில், செருப்பில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று போட்டு. பிரேக்கைத் தேடிக் கால் வருவதற்குள் இடித்துவிட்டது. நான் மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

முதலில் போலீஸ் ஸ்டேஷன். எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொடுத்தேன். ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சுதான் எழுதுதியளா டீச்சர்? கேஸ் ஒங்க தலையிலல்லா வரும்?" தெரிந்துதான் என்றேன்.

பிறகு ஷோரூம். மேலாளர் மேசையில் போனை வைத்து வீடியோவை ஓடவிட்டேன். என் சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது. மேலாளருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ரொம்ப சந்தோஷம் மேடம். அப்பம் கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிருங்க."

"ஜெபசிங் பத்தின ரெண்டு பக்கத்த மட்டும் வாங்கிக்கிடுதேன். விளம்பரம் பத்தின பக்கம் அப்படியே இருக்கட்டும். அத நான் விடமாட்டேன்."

மலர்ச்சி வாடியது. அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கவலையை எங்களிடம் விடுங்கள் என்று ஊரெல்லாம் போர்டு வைப்பார்களாம், ஓட்டுநரே பொறுப்பு என்று கட்டத்துக்குள் ஒளித்துவைப்பார்களாம். நான் கேட்காதது என் தப்பு. அவர்கள் அப்படி விற்பது என் தப்பில்லை.

ஜெஸியின் வீட்டுக்கும் போனேன். "சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நான்தான் கேக்கல" என்றேன். அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. ஒப்படைத்தது ஜெபசிங்தான். திரும்பவும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றார். சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அக்கா என்று ஒரு தடவைகூட வரவில்லை. கோபப்பட எனக்கு வாயில்லை. அதனால் வீடு வரும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

ஜாஹிரா அம்மாவுக்கு இன்று தென்காசி ஆஸ்பத்திரியில் கைக்கட்டை அவிழ்த்தார்கள். என் காரில்தான் கூட்டிப் போவேன் என்று ஒரு வாரமாகப் பிடிவாதம் பிடித்தேன். சலீம் பாய் வாசலில் நின்று, "இதுலயா? அதுக்கு நான் நடந்தே போவேன்" என்றார். அந்த அம்மா ஏற்கெனவே பின்சீட்டில் ஏறியாயிற்று. "வாய மூடிக்கிட்டு ஏறுங்க" என்றதும் அவர் முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

கட்டு அவிழ்த்த கையை அந்த அம்மா தலைவரைக்கும் தூக்கிப் பார்த்தார். முக்கால்வாசிதான் போயிற்று. "போதும், சீப்புக்கு எட்டுது" என்றார். பிறகு, குற்றால சீசன் முடியப்போகுது, அருவியைத் தூரத்திலிருந்தாவது பார்க்கணும் என்றார்.

குற்றாலம் ரோட்டில் கார்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நின்றன. ஐந்தருவிக்குத் திரும்புகிற இடம்வரைக்கும் வரிசை. எல்லாமே நிற்கிற வண்டிகள். குரூஸ் போடவில்லை. முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஒவ்வொரு வண்டிக்கும் நானே மிதித்து, நானே நிறுத்தினேன். சாரல் கண்ணாடியில் விழுந்துகொண்டே இருந்தது. மெயினருவி கண்ணில் பட்டதும் பின்னாலிருந்து அந்த அம்மா, "அங்கன பாருங்க, தண்ணி நல்லா விழுது" என்று அவரைக் கூப்பிட்டார்.

சலீம் பாய் நிமிரவில்லை. கடையநல்லூரில் ஏறியதிலிருந்து அவர் ரோட்டையும் பார்க்கவில்லை, அருவியையும் பார்க்கவில்லை. குனிந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.