வேண்டாம் என்று எழுதிய கட்டம்

அன்புள்ள நம் மகளின் அப்பாவுக்கு,

ஆண்டவன் அருளால் நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கு இருமல் குறைந்ததா? வேலை முடிந்து வந்ததும் ஈர உடுப்போடு உட்காராதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மகளின் கால் பேச்சை எடுத்தாலே பக்கத்தில் ஆள் இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கூட ஒரு படிவமும் இருக்கிறது. முதலில் கடிதத்தை முழுக்கப் படியுங்கள்.

சனிக்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தோம். சேரப்போகிற பிள்ளைகளையும் பெற்றவர்களையும் கூட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாக நடத்திக் காட்டுகிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு பெண் வழிகாட்டி. கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் சின்ன ஒலிபெருக்கி. எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்கிறாள், தூணில் மோதாமல் எப்படிப் போகிறாளோ! நல்ல பெண்தான், பேச்சிலும் சிரிப்பிலும் குறையில்லை. ஆனால் அவள் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது.

உங்கள் மகள் சுடிதாருக்குள் கால் முழுக்க இரும்புப் பட்டையும் கையில் தடியுமாக என்ன வேகத்தில் வருவாள் என்று உங்களுக்குத் தெரியாதா? நாங்கள் ஒரு கட்டடத்தை எட்டும்போது அங்கே விளக்கம் முடிந்திருக்கும். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குக் கிளம்பியிருப்பார்கள். நிர்வாகக் கட்டடத்தைப் பற்றி நான் கேட்டது, 'இனி அடுத்ததாக' என்ற ஒரு வார்த்தைதான். கலையரங்கத்தில் அதுவும் இல்லை. மூச்சு வாங்க நின்றால் அந்த மஞ்சள் கொடி ஏதாவது ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். கொடியைத் தேடிக் கண் பூத்துப்போனதே தவிர, பல்கலைக்கழகத்தைப் பார்த்த பாடில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பால், எரிவாயு, சலவை எல்லாம் குறிக்கிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் படிகளைக் குறித்துக்கொண்டே வந்தேன். நூலகத்துக்கு இருபத்தேழு. பாதியில் கைப்பிடி அறுந்துவிடுகிறது. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒன்பது, ஆனால் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். விரிவுரைக் கூடத்தில் ஏறினால் போதாது, உள்ளே மறுபடி இறங்க வேண்டும். கட்டினவனைக் கையில் பிடித்துக் கேட்க வேண்டும் போல இருந்தது.

நூலகத்தில் நாங்கள் பதினெட்டாவது படியில் இருக்கும்போது மொத்தக் கூட்டமும் மேலிருந்து இறங்கி வருகிறது. கண்ணாடிக் கூரை அற்புதம் என்று ஓர் அம்மாள் என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு எப்படி இருக்கும்? வழிகாட்டிப் பெண் அப்போதுதான் எங்களைக் கவனித்தாள். கைத்தடியைப் பார்த்து முகம் வாடி, மகளுக்குக் கால் வலியா என்று கேட்டாள். நான் வழக்கம்போலச் சொல்லிவிட்டேன். நேற்றுக் குளியலறையில் வழுக்கிவிட்டது, சுளுக்கு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பெண்ணுக்கு நான் எத்தனை சுளுக்கு வரவழைத்திருப்பேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். விளையாட்டு விழாவென்றால் சுளுக்கு, சுற்றுலாவென்றால் காய்ச்சல். நீங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை விட்டுவிட்டுப் போனபோது பரீட்சை. பன்னிரண்டு வருடம் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அன்று அந்தப் படியில் என் கையை உதறிவிட்டாள்.

ஆய்வகக் கட்டடத்தில் மின்தூக்கி இருந்தது. அட்டை இருந்தால்தான் திறக்குமாம். அட்டை யாரிடம் என்று காவலாளியைக் கேட்டால் அலுவலகத்தில் என்கிறார். அலுவலகம் எங்கே என்றால் புறப்பட்ட இடத்தில் என்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு விசாரணை மேசைக்கே திரும்பிப் போய், அங்கே இருந்த அம்மாளைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். நடக்க முடியாத பிள்ளையும் பிள்ளைதானே, ஒரு சரிவுப் பாதை போட உங்களுக்கு மனம் வரவில்லையா என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பதிவு எண் கேட்டு, கோப்பிலிருந்து நம் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நடக்க, பார்க்க, கேட்க உதவி வேண்டுமா என்ற கட்டத்தில், என் குண்டு எழுத்தில், 'வேண்டாம்' என்று இருந்தது.

அவள் பரீட்சையில் இருந்ததால் நான்தானே நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் பேனா நின்றபோது உங்களைப் போனில் கூப்பிட்டேன். அதை எழுதினால் இடம் தர மாட்டான், வேண்டாம் என்று போடு என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. எழுதிய கை என்னுடையது. ஆனால் அந்த அம்மாள் சொன்னதைக் கேளுங்கள். அதனால் இடம் தராமல் விடுவதில்லையாம். வேண்டும் என்று எழுதியிருந்தால் மின்தூக்கி அட்டை முன்பே வந்திருக்குமாம். நூலகத்துக்குப் பின்பக்கமாகச் சரிவுப் பாதை இருக்கிறதாம். காலையிலேயே ஐந்து பிள்ளைகளை அந்த வழியில் நிதானமாகக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டார்களாம். நாங்கள் சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு மற்றவர்களோடு படி ஏறிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மகள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னாள்: "அம்மா, இனிமே என் காலைப் பத்தி யார்கிட்டயும் பொய் சொல்லாதே. நாலு வருஷம் இதோடதான் நான் இங்க நடக்கப்போறேன்."

 அவள் அந்த அம்மாளிடம் மின்தூக்கி அட்டையை வாங்கிக்கொண்டு, என்னை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் தனியாகப் போனாள். நான் பின்னாலேயே எழுந்தேன். கூட வந்தால் நான் போகவே மாட்டேன் என்றாள், உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது வியர்த்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டால், ஆய்வகத்தில் உட்கார்ந்தே வேலை செய்கிற மாதிரி தாழ்வான மேசை இருக்கிறது என்றாள். அவ்வளவுதான்.  அப்பனைப் போலவே அழுத்தம்.

இனி காரியத்துக்கு வருகிறேன். விடுதியில் இப்போது அவளுக்கு ஒதுக்கியிருப்பது மூன்றாம் மாடி, அங்கே மின்தூக்கி கிடையாது. தரைத்தளத்தில் கைப்பிடி வைத்த குளியலறையோடு உள்ள அறைகளில் இரண்டுதான் மிச்சம். இதோடு வைத்திருக்கிற திருத்தப் படிவம் இருபதாம் தேதிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. பாதுகாவலர் என்று உங்கள் பெயரைப் போட்டிருப்பதால் நீங்கள்தான் கையெழுத்திட்டு உடனே எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மருத்துவர் சான்றிதழ் நான் வாங்கிவிட்டேன். 'உதவி வேண்டும்' என்பதை அவளே எழுதியிருக்கிறாள், என்ன உதவி என்பதையும் எழுதியிருக்கிறாள். இரண்டு வயதில் வந்த காய்ச்சல், இடது கால், தினமும் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று ஒன்றையும் விடவில்லை. படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனாலும் ஒரு வரிகூட அடிக்காதீர்கள். நாம் இத்தனை வருடம் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து என்ன செய்துகொண்டிருந்தோம் என்று, இங்கே தனியாக நான் மட்டும் யோசித்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இன்று காலை உறையில் உங்கள் முகவரியை எழுதும்போது, அப்பா கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டாள். கட்டாயம் போடுவார் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் சொன்ன இந்த ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும்.

கடவுள் உங்கள் கைக்கும் மனதுக்கும் பலம் தரட்டும்.

தபால்காரரை எதிர்பார்த்து வாசலிலேயே இருக்கும்,
உங்கள் மனைவி